ட்ரெய்லருக்கு விளக்கு எரிந்த விவரம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம், உன் சுகத்துக்குப் பதில் போடு. ஆம், நானேதான் எழுதுகிறேன். மாலைப் பள்ளியில் சேர்ந்து ஒன்பது மாதத்தில் இது என் முதல் கடிதம். மகள் எழுதித் தருகிறேன் என்றாள், பேனாவை நான் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை உன் வீட்டைக் காலி செய்ய வேண்டும், தையல் மிஷினும் பீரோவும் வராமல் நீ எங்களோடு தங்க வரமாட்டாய், அவற்றை ஏற்றக் காருக்குப் பின்னால் மாட்டும் ட்ரெய்லர் வேண்டும், பின்னால் விளக்கு எரியாத ட்ரெய்லரை நெடுஞ்சாலையில் ஓரங்கட்டி விடுவார்கள். ஆகவே நேற்று ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை புது விளக்கும் வயரும் வாங்கி வந்து ட்ரெய்லருக்கு அடியில் படுத்துக்கொண்டார். விளக்கு வந்த பெட்டிக்குள், எப்படி மாட்டுவது என்று ஒரு தாள் இருந்தது. படிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். மூன்றாவது வரியில் இருக்கும்போதே அடியிலிருந்து குரல் வந்தது.

"மாமா, நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள வயர் துருப்பிடிச்சிடும். இதெல்லாம் நான் கண்ணை மூடிக்கிட்டே மாட்டுவேன்."

கண்ணை மூடிக்கொண்டுதான் மாட்டினாரோ என்னவோ, மகள் காரில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக முழித்தது, இண்டிகேட்டரைப் போட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து துடித்தது.

"அப்பா, இப்ப எது எரியுது?"

"உன் வீட்டுக்காரர் முகம்தாம்மா."

மாப்பிள்ளை மஞ்சளைப் பச்சைக்கு மாற்றினார், பச்சையைப் பழுப்புக்கு மாற்றினார், பல்பைக் கழற்றி ஊதினார், பிளக்கைத் திட்டினார், கடைக்காரரைத் திட்டினார், மூன்று மணி ஆகியும் சாப்பிட வரவில்லை. கடைசியில் ஸ்பேனரை வீசிவிட்டு, "மிஷினை வித்துட்டு வரச் சொல்லுங்க மாமா, இங்க வேற வாங்கிக்கலாம்" என்றார். அப்படிச் சொன்னால் நீ மிஷினோடு அங்கேயே உட்கார்ந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா?

அந்த நேரத்தில்தான் பன்னிரண்டாவது வரிக்கு வந்தேன். சத்தமாகப் படித்தேன்: "வெள்ளை வயரை ட்ரெய்லரின் இரும்போடு முடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி விடவும். வெறும் இரும்பு தெரிய வேண்டும். இல்லையேல் விளக்குகள் தாறுமாறாக எரியும்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ட்ரெய்லரைப் பார்த்தேன். உனக்குப் பிடித்த நீலத்தில், போன வாரம் நான்தான் மூன்று கோட் அடித்திருந்தேன், போல்ட்டைக்கூட விடாமல்.

"இதை முதல்லயே படிச்சிருக்கக் கூடாதா மாமா?"

"வரிசையாத்தானே மாப்பிள்ளை படிக்கணும்? நடுவுல தாவினா கதை புரியுமா?"

விரல்கடை அகலம் சுரண்டினோம். வயரை முடுக்கினோம். மகள் மிதித்தாள். அடடா! இடது, வலது, பிரேக், எல்லாம் அதது அதனதன் வேலையைப் பார்த்தது. மாப்பிள்ளை தாளை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, என் சட்டைப்பையிலேயே வைத்தார். "இனிமே எந்தத் தாளா இருந்தாலும் உங்ககிட்டதான்" என்றார். தங்கச்சி, என் வயதுக்கு இதற்குமேல் என்ன பட்டம் வேண்டும்?

எனவே சனிக்கிழமை விடிந்ததும் வருகிறோம். பீரோவைக் காலி செய்து தயாராக இரு. மிஷினை யாருக்கும் கொடுத்துவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள், நூறு வயது நல்லபடியாக இரு.

உன் அண்ணன்

பின்குறிப்பு: இவ்வளவையும் எழுதி முடிப்பதற்குள் சனிக்கிழமை வந்து போய்விட்டது. நீயும் வந்துவிட்டாய். பக்கத்து அறையில் மிஷினை ஓட்டிக்கொண்டே, "என்னண்ணா, யாருக்கு இவ்வளவு நாளா எழுதறே?" என்று கேட்கிறாய். "உனக்குத் தெரியாதவங்க" என்று சொல்லியிருக்கிறேன். முதல் கடிதம், கிழிக்க மனம் வரவில்லை. நம் வீட்டு விலாசத்தையே எழுதி நாளை தபாலில் போடுகிறேன், தபால்காரர் வந்தால் நீயே போய் வாங்கு. படித்ததும் பதில் போடு. அறையிலிருந்து கத்திச் சொல்லக் கூடாது. எழுத்தில் வேண்டும்.