ஏமாறாதவர் வாங்கிய காபி மெஷின்

மோட்டார் பட்டறைப் பெரியவர் தன் மனைவிக்கு ஒரு காபி மெஷினின் விலையைக் கடன்பட்டிருந்தார். முழு விலை. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. ஏனென்றால் இந்த இனத்து ஆட்களைப் பேச விட்டால், ஊரார் தங்களுக்குத் தர வேண்டிய பாக்கியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

இனத்தின் பெயர் ஏமாறாதவர். உங்களுக்குத் தெரிந்தவர்தான். நீங்கள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனால் காலைப் பார்ப்பார், பிறகு முகத்தைப் பார்ப்பார், "எவ்வளவு?" என்பார். சொன்னதும் இரக்கத்தோடு கண்ணை மூடித் திறப்பார். "சரி விடுங்க, ஆச்சு." அதற்கப்புறம் அந்தச் செருப்பு உங்களைக் கடிக்காமல் என்ன செய்யும்? சாவு வீட்டுக்குப் போனாலும் சவப்பெட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "ஒட்டுப் பலகை" என்று பக்கத்தில் நிற்பவர் காதில் போட்டுவிட்டுத்தான் துக்கம் விசாரிப்பார்.

நம் பெரியவர் இவர்களில் முதல் வரிசை. பள்ளிக்கூடம் அவரை அதிக நாள் வைத்துக்கொள்ளவில்லை, நஷ்டம் பள்ளிக்கூடத்துக்கு. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி, ஓட விட்டு, அந்தக் காசில் முன்பக்கம் பட்டறையும் பின்பக்கம் வீடுமாகக் கட்டி, வங்கிக்காரர்கள் தாமாக வந்து நாற்காலியில் உட்காரும் அளவுக்கு நிமிர்ந்தவர். "இத்தனை வருஷத்துல என்னை ஒருத்தன் ஏமாத்தியிருப்பானா, சொல்லு" என்று யாரைக் கண்டாலும் கேட்பார். பதில் சொல்ல அவகாசம் தந்ததில்லை.

மனைவி தையல் வேலை செய்பவர். காலையில் பட்டறை ஆட்களுக்கும் சேர்த்துக் காபித்தூளைக் கொதிக்க வைத்து, துணியில் ஊற்றி, முறுக்கிப் பிழிவதும் அவர் வேலைதான். பிழிந்து பிழிந்து வலது மணிக்கட்டு வீங்கி, கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாமல் போயிற்று. கத்தரிக்கோல் பிடிக்க முடியாதவர் எதைத் தைப்பது? ஒரு விடுதிக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்த கூலியை அப்படியே கொண்டுவந்து கணவர் கையில் வைத்தார்.

"ஒரு காபி மெஷின் வாங்கிட்டு வாங்க. சுவிட்சைப் போட்டா காபி வரணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? வாங்குறதுங்கிறது என்ன சாதாரண விஷயமா? எங்கிட்ட விடு."

விட்டார்.

பெரியவர் சட்டைப்பையில் ஒரு காந்தமும் இடுப்பில் ஒரு திருப்புளியுமாகக் கடை கடையாக ஏறி இறங்கினார். சொட்டுச் சொட்டாக வடிக்கும் மெஷினைப் பார்த்து, "சொட்டுறதுக்கு எங்க வீட்டுக் குழாயே இருக்கு" என்றார். அழுத்தத்தில் பீய்ச்சும் மெஷினைப் பார்த்து, "குக்கருக்கு மூக்கு வச்சு விலையை ஏத்திட்டான்" என்றார். சின்னக் குப்பி போட்டால் காபி தருவதைப் பார்த்து, "மெஷினை மலிவாக் குடுத்துட்டு, குப்பியை ஆயுசுக்கும் நம்ம தலையில கட்டுவான்" என்றார். காந்தம் ஒட்டினால் தகரம், ஒட்டாவிட்டால் பிளாஸ்டிக், இரண்டும் ஆகாது. விற்பனைப் பெண் எந்த மெஷினைப் புகழ்ந்தாலும் அதில் அவளுக்குக் கமிஷன் இருந்தது. அவள் எதையாவது வேண்டாமென்றால் அதில்தான் ஏதோ விஷயம் இருந்தது.

வீட்டில் மனைவி கேட்பார்: "என்னங்க ஆச்சு?"

"விசாரிச்சுக்கிட்டிருக்கேன்."

"மெஷின்தானே வாங்கப் போறோம், சம்பந்தமா பேசப் போறோம்?"

"அவசரப்பட்டா ஏமாந்துருவோம்."

அவசரப்படவில்லை. மணிக்கட்டு மட்டும் அவசரப்பட்டது. விடுதிக்காரர் படுக்கை விரிப்புகளுக்கு அளவு கொண்டுவந்தபோது, மனைவி கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார்.

அதைக் கேட்டதும் பெரியவருக்குச் சுரீரென்றது. நேராகக் கடைக்குப் போய், இருப்பதிலேயே கனமான மெஷினைத் தூக்கிப் பார்த்தார். கனம் என்றால் செம்பு. செம்பு என்றால் தரம். வாழ்நாள் முழுக்க மோட்டார் பிரித்தவருக்கு இதில் சந்தேகமே இல்லை. இருந்தாலும் உள்ளே பார்க்காமல் எப்படி வாங்குவது? விற்பனைப் பெண் பெட்டி எடுக்க உள்ளே போனாள். திருப்புளி வெளியே வந்தது.

அவள் திரும்பியபோது மேசைமேல் மெஷின் இல்லை. முன்பு மெஷினாக இருந்த சாமான்கள் இருந்தன.

"ஐயா, என்ன பண்ணிட்டீங்க?"

"பயப்படாதம்மா. இதைவிடப் பெரிசெல்லாம் பிரிச்சு மாட்டியிருக்கேன்."

மாட்டினார். ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் வளையமும் மிச்சம். "இது ரெண்டும் சும்மா எடைக்குப் போட்டிருக்கான்" என்று தண்ணீர் ஊற்றிச் சுவிட்சைத் தட்டினார். தண்ணீர் வந்தது, மேசையின் கீழே. கடை முதலாளி கோபப்படவில்லை, பில் போட்டார். "பிரிச்சவங்கதான் எடுத்துக்கணும், ஐயா. கேரண்டி கிடையாது. விலையும் குறைக்க முடியாது." செருப்பிலிருந்து வீட்டுமனை வரை பேரம் பேசிய வாய், அன்று திறக்கவில்லை.

வீட்டில் மெஷினை வைத்துவிட்டு, "உள்ள அத்தனையும் செம்பு. பழைய சாமானுக்குப் போட்டாலே பாதி தேறும்" என்றார்.

"காபி வருமா?"

"உள்ள செம்பைப் பாரு முதல்ல."

"காபி வருமான்னு கேட்டேன்." அவர் மூடியைக் கழற்றிச் செம்பைக் காட்டினார். "அப்ப இது உங்க மெஷின். என் காசைக் குடுங்க, நானே போய் வாங்கிக்கிறேன்."

"குடுக்கிறேன், எங்க ஓடிடப் போறேன்?"

மறுநாள் காலை அடுப்படியில் சத்தமில்லை. பட்டறை ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியவர் தாமே தூளைக் கொதிக்க வைத்து, துணியில் ஊற்றி முறுக்கினார். பாதி காபி சட்டையில் போனது. மீதியைப் பிழிந்து முடிப்பதற்குள் மனிதனுக்கு மணிக்கட்டு என்று ஒன்று இருப்பது தெரிந்துபோயிற்று. ஆட்கள் ஒரு வாய் குடித்தார்கள். "நல்லாத்தான் இருக்கு முதலாளி" என்று தம்ளரை வைத்துவிட்டு வேலைக்கு எழுந்துவிட்டார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன தடவை பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக ஒன்று வாங்கி வந்தபோது "எவ்வளவு?" என்று கேட்டீர்களே, விலை தெரிந்துகொள்ளத்தானா? இதைப் படிக்கும்போதே, 'நானாக இருந்தால் இப்படி ஏமாந்திருக்க மாட்டேன்' என்று ஓர் எண்ணம் ஓடியதா இல்லையா? எதற்கும் சட்டைப்பையைத் தடவிப் பாருங்கள். காந்தம் இருக்கும்.

பெரியவர் அலமாரியைத் திறந்து பணத்தோடு வந்தார். மனைவி வலது கையை நீட்டினார். அவர் ஒவ்வொரு நோட்டாக எச்சில் தொட்டு வைக்க, அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் இடக்கையால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கூட இருந்து கற்றுக்கொண்ட வித்தை.

"ஒண்ணு குறையுது."

"மொத்தமா, ரொக்கமாத் தர்றேன்ல? ஏதாவது கழிச்சுக்கக் கூடாதா?"

மனைவி நீட்டிய கையை மூடவில்லை. பெரியவர் சட்டைப்பையிலிருந்து கடைசி நோட்டை எடுத்து, வீங்கிய மணிக்கட்டில் விரல் படாமல், அந்த உள்ளங்கையில் வைத்தார்.