இருபது மில்லிமீட்டர்

"ஏங்க, சக்கரம் கொஞ்சம் உள்ளடங்கின மாதிரி இல்லே?"

மனைவி போகிற போக்கில் கேட்டுவிட்டுக் காப்பியை உறிஞ்சினாள். அவருக்கு அன்றோடு தூக்கம் போயிற்று.

பன்னிரண்டு வருடம் ஆசைப்பட்டு வாங்கிய கார் அது. இரண்டே இருக்கை, தகதகவென்று சிவப்பு. அவரோ தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மயிரிழை பிசகினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். உடனே வெர்னியர் அளவுகோலைக் கொண்டுவந்து, மட்கார்டு ஓரத்திலிருந்து டயர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்தார்.

"இருபது மில்லிமீட்டர் உள்ளேதான் இருக்கு."

"அப்படியா? தங்கச்சி வீட்டுக்காரர் வண்டியில வெளியே எடுப்பா நிக்குதாம். எனக்கென்ன தெரியும், அவ சொன்னதைச் சொன்னேன்."

சகலை! அதே மாடல், நீல நிறம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு அவர்கள் இங்கே விருந்துக்கு வருகிறார்கள். இரண்டு வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அந்த மனுஷன் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிப்பதை நினைத்ததுமே வண்டியை நேராகப் பட்டறைக்கு விட்டார்.

"ஸ்பேசர் போட்டுடலாம் சார்" என்றார் மெக்கானிக். அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கிற அலுமினிய வட்டு அது. வட்டு எவ்வளவு தடிமனோ, சக்கரம் அவ்வளவு வெளியே வரும். "பத்தா, இருபதா?"

"பேரிங் தேயாதா?"

"தேயும் சார்."

"ஸ்டியரிங் கனக்காதா?"

"கனக்கும் சார். ஆனா பார்க்க ஜோரா இருக்கும்."

வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் மனைவியிடமே கேட்டார்.

"தங்கச்சி வீட்டுக்காரர் இருபது போட்டிருக்காராம்" என்றாள் அவள், துணி மடித்துக்கொண்டே.

இருபதே போட்டாயிற்று. பட்டறையை விட்டு வெளியே வந்து முதல் திருப்பத்தில் 'கர்ர்ர்' என்று டயர் மட்கார்டில் உரசியது. மட்கார்டு ஓரத்தை உள்பக்கமாக மடக்கினார்கள், பெயின்ட் விண்டது. புதுப் பெயின்ட் அடித்தார்கள்; பழைய சிவப்பும் புதுச் சிவப்பும் ஒன்றையொன்று பார்த்து முறைத்தன. அதை மறைக்க நாலு பக்கமும் கறுப்பு ரப்பர் பட்டை ஒட்டினார்கள்.

அப்புறம் மழை பெய்தது. வெளியே நீண்ட சக்கரம் தெருச் சேற்றை எல்லாம் வாரி, நடந்துபோன வக்கீலின் வெள்ளைச் சட்டையில் அடித்தது. வக்கீல் சொன்ன வார்த்தைகளில் ஒன்றுகூடச் சட்டப் புத்தகத்தில் கிடையாது. மறுநாளே லாரிக்கு மாட்டுவது போல நாலு மட்ஃபிளாப் தொங்கவிட்டார்கள்.

இப்படியே நாலு சனி, நாலு ஞாயிறு பட்டறையிலேயே கழிந்தது. வழக்கமாக லீவு நாளில் அலமாரிக் கதவு சாய்ந்திருக்கிறது, தட்டுகளை அளவு வாரியாக அடுக்கவில்லை என்று வீட்டுக்குள் அவருடைய பரிசோதனை தடபுடலாக நடக்கும். இப்போது அதற்கெல்லாம் ஏது நேரம்? மனைவியும் பாவம், ஒரு முணுமுணுப்பு இல்லாமல், "மெதுவா முடிச்சிட்டு வாங்க, ஒண்ணும் அவசரமில்லை" என்று டிபன் கட்டிக் கொடுத்தாள். தனக்கு வாய்த்தவள் தங்கம் என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

விருந்து நாள் வந்தது. வாசலில் நீல வண்டி வந்து நின்றதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனவர், வாயைப் பிளந்தார்.

அதிலும் கறுப்பு ரப்பர் பட்டை. அதிலும் நாலு மட்ஃபிளாப்.

கணக்கு வாத்தியாரான சகலை, தொங்கிப்போன முகத்தோடு இறங்கினார். "அண்ணே, நீங்க இருபது போட்டிருக்கீங்கன்னு என் வீட்டுல சொன்னாளேன்னுதான் நான் போட்டேன். எனக்கு ஆரம்பத்துல ஸ்பேசரே கிடையாது."

"நீங்க போட்டிருக்கீங்கன்னுதானே என் வீட்டுல சொன்னா!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, கேட்டுவிடுவது என்று விறுவிறுவென்று சமையலறைப் பக்கம் போனார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மச்சினி சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது கேட்டது:

"நாலு வாரம் வீட்டுல என்னா நிம்மதி அக்கா! அடுத்தது ஹெட்லைட்டு. இந்தத் தடவை நீ ஆரம்பிக்கிறியா, நான் ஆரம்பிக்கட்டா?"