தெற்குச் சுவரில் இல்லாத செங்கற்கள்

ஜூலை 17, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். ஹோல்கேட் தொப்பித் தொழிற்சாலையின் தெற்குச் சுவரில் இருக்க வேண்டியவை, ஆனால் இல்லாதவை: ஆயிரத்து நூற்று இருபத்தாறு செங்கற்கள். இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் ஆயிரத்து நூற்று இருபத்தேழு.

நோரம் ஃபால்ஸ் வாரச்செய்தி ஆசிரியர் மதிப்பிற்குரிய திருமதி பெவர்லி ஸ்டாக்கர் அவர்களுக்கு, இடிப்புப் பொறியாளர் ட்ரெவர் ஹஸ்கின்ஸ் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நான் சௌக்கியம். சுவர் சௌக்கியமாக இல்லை. மரியாதைக்கு இவ்வளவு போதும், நேரமில்லை. இன்று இரவு எட்டு மணிக்கு உங்கள் இதழ் அச்சுக்குப் போகிறது என்று தெரியும். இந்தக் கடிதம் நாளை முதல் பக்கத்தில் வர வேண்டும். புளூபெர்ரி பை பலகாரப் போட்டி முடிவுகள் நான்காம் பக்கத்துக்குப் போகட்டும்.

முதலில் அந்தக் கூட்டம். போன வாரம் நகர மண்டபத்தில் நீங்கள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். தூசி பற்றிக் கேட்பார்கள், சத்தம் பற்றிக் கேட்பார்கள், ஆஸ்பெஸ்டாஸ் பற்றிக் கேட்பார்கள் என்று நாற்பது பக்கம் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். ஒருத்தராவது கேட்டாரா? இல்லை. என் மாமனார் அங்கே தொப்பி ஓரம் தைத்தார், எனக்கு ஒரு செங்கல் கிடைக்குமா என்றார் ஒருத்தர். நானும் என் வீட்டுக்காரரும் முதன்முதலில் பேசியது அந்தப் பின்வாசலில்தான், எனக்கு ஒரு செங்கல் கிடைக்குமா. இரண்டு மணி நேரம் இதே. பதினொரு தொழிற்சாலைகளை இடித்திருக்கிறேன், எல்லா ஊரிலும் செங்கல் கேட்பார்கள், அது வழக்கம்தான். ஆனால் இப்படி வரிசையில் நின்று ஆளாளுக்குக் கதை சொல்லிக் கேட்ட ஊர் இது ஒன்றுதான். கடைசியில் எனக்குப் பொறுமை போயிற்று. "எல்லாருக்கும் உண்டுங்க, வந்து எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நீங்கள் அதை அப்படியே தலைப்பாகப் போட்டீர்கள். விழுந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன். நிற்கிற சுவரிலிருந்து செங்கல்லை உருவக் கூடாது என்று வயது வந்த மனிதர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையிலிருந்தே உருவ ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை, நூற்று முப்பது வருஷத்துக்குப் பிறகு வெறும் மணல், சூப் கரண்டியால் சுரண்டினாலே உதிர்கிறது. வேலிக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன், அந்தப் பூட்டையும் ஞாபகத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அபாயப் பலகை வைத்தேன், அதில் ஹோல்கேட் என்ற பெயர் இருந்ததால் அதுவும் போயிற்று. போலீசைக் கூப்பிட்டேன். வந்த அதிகாரி எல்லாரையும் அதட்டி அனுப்பினார், ரொம்ப மரியாதையான மனிதர், ஆனால் திரும்பிப் போகும்போது அவர் காரின் பின்பக்கம் வந்தபோது இருந்ததைவிடத் தாழ்வாக இருந்தது. நேற்று கல்யாணமாகப் போகிற ஒரு ஜோடி வந்து விருந்து மேசைகளுக்கு நடுவில் வைக்க என்று பதினான்கு எடுத்தார்கள், அதுவும் நிறம் பொருத்தம் பார்த்து. "இது கொஞ்சம் கருத்திருக்கு, வேற பார்க்கலாமா?" என்று அந்தப் பெண் என்னிடமே கேட்கிறாள், நான் ஏதோ ஜவுளிக் கடைக்காரன் மாதிரி.

பாரம்பரியக் குழுத் தலைவர் ஆர்ச்சி பெல்டிங் கதை இதைவிட மோசம். இந்தச் சுவரை இடிக்கக் கூடாது என்று இரண்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்து தோற்றவர் அவர். இன்று காலை தள்ளுவண்டி நிறையச் செங்கல்லோடு அவரைப் பிடித்தேன்.

"சார், ஒவ்வொரு செங்கல்லும் புனிதம்னு ஜட்ஜ் முன்னாடி சொன்னீங்களே?"

"அதனாலதான் எடுத்துட்டுப் போறேன். உன்கிட்ட விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

வண்டிக்கு வழிவிட்டு நின்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், இதைத் தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள். தெற்குச் சுவர் நான்கு மாடி உயரம். சனிக்கிழமை காலை கம்பிவடம் கட்டி அதை உள்பக்கமாக, முற்றத்துக்குள், இழுத்துச் சாய்ப்பதாகத் திட்டம். என் கணக்கு முழுக்க அந்தச் சுவரின் அடித்தூண்கள் முழுசாக இருக்கின்றன என்ற நம்பிக்கையில் போட்டது. ஆனால் உங்கள் வாசகர்கள் எடுக்கிற செங்கல் அத்தனையும் அந்தத் தூண்களின் தெருப்பக்கத்திலிருந்து, கைக்கு எட்டுகிற உயரத்திலிருந்து. தெருப்பக்கம் குறையக் குறையச் சுவர் தெருவைப் பார்த்துத்தான் சாயும். தெருவுக்கு அந்தப் பக்கம், சுவருக்கு நேர் எதிரே, ஒரே ஒரு வீடு. அதில் ஒரே ஒரு அம்மா, ஐரீன் ஸ்டாஹுரா, எழுபத்தெட்டு வயது, தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் ரிப்பன் பிரிவில் வேலை பார்த்தவர். ஊரிலேயே அதிகமாகச் செங்கல் எடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அவரேதான். வீட்டுக்குப் பக்கம், அதனால் சௌகரியம்.

நேற்று மாலை அவரிடம் போனேன். தூணடியில் மண்டி போட்டு உட்கார்ந்து கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"பார்த்தா தெரியலையா? தக்காளிப் பாத்திக்கு ஓரம் கட்டறேன்."

"சுவத்துலேருந்து எடுக்கக் கூடாதும்மா."

"நீதானே எடுத்துக்கச் சொன்னே? பேப்பர்ல போட்டிருக்கு. உன் படமும் போட்டிருக்கு. மூஞ்சிய கொஞ்சம் சிரிச்சாப்ல வச்சிருக்கலாம்."

"உங்க வீட்டுக்காரர் எப்பவாவது மரம் வெட்டியிருக்காராம்மா?"

"மூணு வெட்டினார். ஒண்ணு எங்க கார் மேலயே விழுந்துச்சு."

"ஏன் விழுந்துச்சு?"

"கார் இருந்த பக்கமாப் போய்க் கொத்தினார், மடையன்."

"நீங்க இப்ப எந்தப் பக்கமாக் கொத்தறீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். "இது மரமில்லையே" என்றார். பிறகு, "முப்பத்தோரு வருஷம் உள்ள இருந்திருக்கேன், அது என் மேல விழாதுப்பா" என்று சொல்லிவிட்டு, கையோடு பெயர்ந்து வந்த செங்கல்லை மடியில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நாளைய இதழில் பெரிய எழுத்தில் போடுங்கள்: யாரும் இனி ஒரு செங்கல்லும் எடுக்கக் கூடாது. சனிக்கிழமை சுவரைச் சாய்த்ததும் முற்றத்தில் மலை மாதிரி கிடக்கும், லாரியே கொண்டு வந்து அள்ளிக்கொள்ளட்டும், நானே ஏற்றிவிடுகிறேன். இடிக்கிற வேலை எங்களுடையது. அதற்குப் படித்திருக்கிறோம், காப்பீடு கட்டியிருக்கிறோம், தலையில் தொப்பி போட்டிருக்கிறோம். பாசத்தால் ஒரு கட்டடத்தை இடிப்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை. தங்கள் பத்திரிகை பல்லாண்டு வளரட்டும், தங்கள் அச்சு எந்திரம் சிக்கலின்றிச் சுழலட்டும், தங்கள் கணவரின் மூட்டுவலி குறையட்டும். ஜன்னல் வழியே பாதிரியார் ஒரு காலிப் பையோடு சுவர்ப்பக்கம் வருவது தெரிகிறது. ஓட வேண்டும்.

இப்படிக்கு,
ட்ரெவர் ஹஸ்கின்ஸ்

பி.கு.: மணி ஏழு இருபது. மேலே எழுதியது எதையும் போடாதீர்கள். பாதிரியாரை அனுப்பிவிட்டுத் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு சுவரடிக்குப் போனேன். காலையில் ஓர் அங்குலம் தெருப்பக்கம் சாய்ந்திருந்தது, இப்போது மூன்று. சனிக்கிழமை வடம் போட்டு இழுத்தால் அடி நழுவி, சுவர் நேராக ஐரீன் அம்மா வீட்டு முன்னறைக்குள் வந்துவிடும். எங்கள் முதலாளி ரஸ்ஸுக்குப் போன் போட்டேன். "அப்ப என்னதான்டா பண்றது?" என்றார். நானும் நாலு விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒரே வழிதான் இருக்கிறது: முட்டுக் கொடுத்து நிறுத்தி, எடுத்த செங்கல்லையெல்லாம் திரும்ப வைத்துக் கட்ட வேண்டும். இடிப்பதற்கு முன்னால் இதை ரிப்பேர் செய்தாக வேண்டும். ரஸ் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

நேராக ஆர்ச்சி பெல்டிங் வீட்டுக்குப் போனேன். அவர் கதவைத் திறந்து, நான் சொன்னதைப் பூராவும் கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு சொன்னார்: "கோர்ட்டு இடிக்கத்தான் அனுமதி குடுத்துச்சு. ரிப்பேர் பண்ண யாரு குடுத்தா? நூத்தி முப்பது வருஷத்துக் கட்டடத்தோட தெருமுகத்துல கை வைக்கணும்னா எங்க குழு ஒத்துக்கணும். சிமென்ட் கூடாது, சுண்ணாம்புக் காரைதான். மாதிரி கொண்டா. அடுத்த கூட்டம் செப்டம்பர்ல."

"சார், என் இடிப்பு அனுமதி ஆகஸ்ட் முப்பத்தொண்ணோட முடியுது."

"தெரியுமே. அப்புறம் புதுசா எழுதிக் குடு. ஒரு வருஷம் காத்திருக்கணும், சட்டம் அப்படி. உள்ள வாயேன், காபி சாப்பிடறியா?"

முட்டுக் கொடுக்க மட்டும் அனுமதி வேண்டியதில்லையாம், ஆபத்துக்குப் பாவமில்லை என்று அவரே சொன்னார். திரும்பி வந்து ஐரீன் அம்மாவைத் தெருவுக்குக் கூப்பிட்டு, கூரையிலிருந்து தொங்குகிற தூக்குக்குண்டு நூலையும் சுவரையும் காட்டினேன். நூலுக்கும் சுவருக்கும் நடுவில் அடிப்பக்கம் இருந்த இடைவெளியில் தன் கையை நுழைத்துப் பார்த்தார். உள்ளங்கை முழுசாகப் போயிற்று. வீட்டுக்குள் போய் ஒரு பெட்டியும் பூனையுமாக வெளியே வந்தார். தங்கை வீட்டுக்குப் போகிறாராம். என் லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகு, "தக்காளிப் பாத்தி உன் வேலையாள் காலுல மிதிபடாமப் பார்த்துக்க. செங்கல்ல எடுத்துக்கோ" என்றார்.

எனவே நாளைய இதழில் இதை மட்டும் போடுங்கள்: செங்கல் எடுத்தவர்கள் எல்லாரும் திருப்பிக் கொண்டு வரவும். கல்யாண ஜோடி விருந்து முடிந்த பிறகு கொடுத்தால் போதும். போலீஸ் அதிகாரி இருட்டிய பிறகு வந்தாலும் சரி, நான் எதுவும் கேட்கமாட்டேன். நான் செய்யப் போவது:

1. இன்று இரவே தெருவை அடைத்து, சுவருக்கு எட்டு முட்டுகள் கொடுப்பது.

2. சனிக்கிழமை வேடிக்கை பார்க்க மடக்கு நாற்காலியோடு வருகிறவர்களை, நாற்காலியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுச் செங்கல் சுமக்க வைப்பது.

3. பழைய சுண்ணாம்புக் காரையில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று ஆய்வுக்கு அனுப்புவது.

4. ஆர்ச்சி பெல்டிங்கிடம் விண்ணப்பம் கொடுப்பது. பல்லைக் கடித்துக்கொண்டு காபியும் குடிப்பது.

5. செங்கல் மேல் செங்கல் எப்படி வைப்பது என்று கற்றுக்கொள்வது. கல்லூரியில் இந்த வகுப்புக்கு நான் போகவில்லை.

6. காத்திருப்பது.