குலுங்காத பொறியாளர்

உலகப் போக்குவரத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதை இரண்டு பாகமாகப் பிரித்தால் போதும்: சாலைப் பொறியாளர் தம் வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றுவதற்கு முன், மாற்றியதற்குப் பின். சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்கு ஓர் அடிக்குறிப்பு கொடுக்கலாம், இடமிருந்தால்.

பொறியாளரிடம் இருந்தது காடுமலை ஏறும் ட்ரக். காட்டையும் மலையையும் அது விளம்பரப் படத்தில்தான் பார்த்திருந்தது. ஆனால் அதற்கு வாய்த்த தெரு சாமானியமானதல்ல. வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வரை பள்ளத்துக்குள் பள்ளம். அந்தத் தெருவைச் செப்பனிடும் பொறுப்பு யாருடையது என்று கேட்கிறீர்களா? நம் பொறியாளருடையதுதான். அந்தப் 'பொறுப்பு'க்காகவே அவருக்குச் சம்பளம்.

தினமும் போய்வந்ததில் அவருக்கு இடுப்பு கழன்றது. மக்கள் குறையைச் சொந்த இடுப்பிலேயே உணர்ந்த அதிகாரியை எங்கே காண முடியும்? போர்க்கால அடிப்படையில் நடவடிக்கை எடுத்தார். அதாவது, மெக்கானிக்கிடம் போனார்.

"பள்ளத்துல விழுந்தா எனக்குத் தெரியவே கூடாதுப்பா."

"முடிச்சிரலாம் சார். உங்க ரோட்டை நம்பித்தானே நான் பட்டறையே போட்டிருக்கேன்!"

வண்டியின் பாரம் தாங்கும் தடித்த ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, நீளமும் மெல்லிசுமாக, வில்லாய் வளைந்த பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் கிரீஸ் தடவி மாட்டினார் மெக்கானிக். வண்டி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு எழும்பியது. பள்ளத்தில் இறங்கினால் தொட்டில் மாதிரி தாலாட்டியது. பொறியாளருக்கு வழியில் தூக்கமே வந்தது.

மறுநாள் தலைமைப் பொறியாளர் சாலை ஆய்வுக்கு வந்தார். இலாகாவில் ஆய்வுக்கென்று ஒரு முறை உண்டு: வண்டிக்குள் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்ப்பது. நம்மவர் தம் ட்ரக்கிலேயே அவரை ஏற்றிப் போனார்.

"ஒரு சொட்டுகூடச் சிந்தலையே!"

"நம்ம ரோடு சார்."

"அப்புறம் ஏன் தெருக்காரங்க கூப்பாடு போடுறாங்க?"

"பழகிப் போச்சு சார் அவங்களுக்கு."

சாலை 'மிக நன்று' என்று கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அதற்கென்று வந்திருந்த தார், தலைமைப் பொறியாளர் வீட்டுத் தெருவுக்குக் கிளம்பிற்று.

இந்தச் சாதனையின் அருமை பொறியாளரின் மனைவிக்கு மட்டும் புரியவில்லை. பாவம், அவளுக்கு வேறு கவலை. அவள் அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. "குலுங்காமக் கூட்டிட்டு வாங்க, தையல் விட்டுட்டா மறுபடியும் கத்திதான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டுப் பிரித்துப் பார்க்கும் நாள் வந்தது. பொறியாளர் மார்பை நிமிர்த்திக்கொண்டு ட்ரக்கை வாசலில் நிறுத்தினார். மாமனார் அண்ணாந்து பார்த்தார்.

"காலைத் தூக்கி வைங்க மாமா. உள்ள உட்கார்ந்துட்டா பஞ்சு மெத்தைதான்."

"தூக்க முடிஞ்சா நான் ஏன் மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போறேன்?"

ஸ்டூல் போட்டுப் பார்த்தார்கள். கிழவர் ஒரு காலை வைத்துவிட்டு வலியில் அப்படியே நின்றார். மகளுக்கு அழுகை வந்துவிட்டது. "வேணாங்க, விடுங்க" என்று அவரை இறக்கி ஒரு வாடகைக் காரில் படுக்கவைத்தாள். பொறியாளர் மனம் தளரவில்லை. முன்னால் ட்ரக்கில் பாட்டுக் கேட்டபடி வழிகாட்டிக்கொண்டு போனார்.

மருந்துக்கடை வாசலில் இருந்த பெரிய பள்ளத்தை ட்ரக் ஓர் ஆட்டம் ஆடிக் கடந்தது. பின்னால் வந்த கார் 'தொம்'மென்று விழுந்தது. கிழவர் போட்ட அலறலில் கடைக்காரர் ஓடிவந்தார். அப்பாவின் சட்டை முதுகில் நனைந்து சிவப்பதை மகள் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

டாக்டர் தையலைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! மறுபடியும் தியேட்டருக்குத்தான் கொண்டு போகணும். எந்த ரோட்டுல கூட்டிட்டு வந்தீங்க?"

"ரோடு அருமையான ரோடு டாக்டர்" என்றார் பொறியாளர். "நானும் அதுலதானே வந்தேன்? அந்தக் கார்லதான் பட்டை சரியில்லை. எல்லாரும் என்னை மாதிரி மாத்திட்டா ஒரு பிரச்சினையும் இல்லை."

குப்புறப் படுத்திருந்த மாமனார் தலையை மட்டும் திருப்பினார்.

"வாஸ்தவம் மாப்பிள்ளை. உங்க வண்டிக்கு மாத்தியாச்சு. ஊர்ல இருக்கிற முதுகெலும்பையெல்லாம் எப்ப மாத்தப் போறீங்க?"