படத்தில் இல்லாத பக்கம்

லண்டன் தமிழரில் பல இனம் உண்டு. ஒரேயொரு புகைப்படத்தைப் பார்த்து முழு உருவம் செய்து தருகிறவர் அதில் தனி இனம். கோயில் முன்வாசல் படத்தைக் கொடுத்துப் பாருங்கள், கடதாசி மட்டையில் பின்வீதியும் சேர்த்துக் கட்டித் தருவார். பின்வீதி எங்கிருந்து வந்தது? கேட்கக் கூடாது. "அது கணக்கு" என்பார்.

கிங்ஸ்பரி செல்வரத்தினம் இந்த இனத்துக்குத் தலைவர். வேலையால் வந்ததும் சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, படத்தில் கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் கவராயத்தால் அளந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு களிமண் பிசையத் தொடங்கினாரென்றால் வீட்டில் எல்லாரும் மடியில் தட்டு வைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தவநாயகி அவரிடம் ஒரு படத்தோடு வந்தாள். அவளுடைய மகனுக்குக் கொழும்பில் பேசிய பெண், சிவமலர். சாதகம் பொருந்திவிட்டது. வருகிற ஞாயிறு முடிவு சொல்ல வேண்டும்.

"முன்னுக்கு வடிவாத்தான் இருக்கிறாள், அண்ணை. பக்கப்பாட்டில எப்பிடியெண்டு தெரியேல்லை."

"ஒரு படம் காணும், தங்கச்சி. மிச்சத்தை நான் பாக்கிறன்."

ஞாயிறு நானும் தேத்தண்ணிக்குப் போயிருந்தேன். செல்வரத்தினம் களிமண் தலையை மூடியிருந்த ஈரத்துணியை எடுத்தார். முன்பக்கம் அச்சு அசலாகப் படத்தில் இருந்த முகம். தலையை மெல்லத் திருப்பினார். மூக்கு நீண்டு, நுனி வளைந்து, மேல் உதட்டைத் தொடப் பார்த்தது.

"இந்த மூக்கோ அண்ணை? எங்களுக்குச் சரிவராது" என்று தவநாயகி கொழும்புக்குச் சொல்ல டெலிபோனைத் தூக்கிவிட்டாள்.

எனக்கு அந்த மூக்கைத் தெரியும். செல்வரத்தினத்தின் தாய்க்கு அது இருந்தது. தாயின் தமையனுக்கும், தமையனின் மூன்று பெட்டைப் பிள்ளைகளுக்கும் இருந்தது.

"போனை வை, பிள்ளை. உன்ர அண்ணையை ஒருக்காப் பக்கப்பாட்டில பார்" என்றேன்.

பார்த்தாள். களிமண்ணைப் பார்த்தாள். திரும்பவும் அவரைப் பார்த்தாள். போனை வைத்தாள்.

அடுத்த வருடம் சிவமலர் தன் சின்ன மூக்கோடு ஹீத்ரோவில் வந்து இறங்கினாள். செல்வரத்தினம் அசைந்தாரா? கலியாணத்தன்று மணவறையை மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னார்: "என்ர கணக்குச் சரிதான். பிழை பிள்ளையின்ர மூக்கில."

சிரிக்கிறீர்கள். நல்லது. தவநாயகியின் முகம் எப்படியென்று நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் இதற்குள் அவளுக்கு நீங்கள் ஒரு முகம் செய்து முடித்திருப்பீர்கள். அதைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள். அந்த மூக்கு உங்கள் வீட்டில் யாருடையது?