என் காட்டுக்கு ஒரு கம்பளிப்பூச்சிகூட வரவில்லை

இலுப்பூர்,
பங்குனி, 1958

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் பிச்சைமுத்து அவர்களுக்கு,

தங்கள் தங்கை புருஷன், வனக்காவலன் கண்ணுசாமி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் செவந்தியும் பிள்ளைகளும் சுகம். ஆடு மாடு சுகம். என் பொறுப்பில் உள்ள காடும் சுகம். அந்தச் சுகம்தான் என்னைக் கொல்கிறது.

மாசா மாசம் காட்டைச் சுற்றிப் பார்த்து, தீ, பூச்சி, நோய் இவற்றால் என்ன சேதம் என்று ரேஞ்சர் அய்யாவுக்கு எழுத வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் நேரே ‘இல்லை’ என்று எழுதுகிறேன். ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காட்டைப் பார்க்கிற அடைக்கலமோ பக்கம் பக்கமாக எழுதுகிறான். தை மாதம் அவன் முந்திரியைப் புழு துளைத்தது. மாசியில் வேம்பெல்லாம் நுனி கருகியது. போன வாரம் தீ. ஒவ்வொன்றுக்கும் ஜீப் வருகிறது மச்சான். ரேஞ்சர் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு கருகிய மரத்தைப் பார்க்கிறார், அப்படியே அவன் வீட்டில் கோழிக் குழம்பும் சாப்பிடுகிறார். எனக்கு மேற்படி பாரஸ்டர் வேலை ஒன்று காலியாக இருக்கிறதே, அது யாருக்குப் போகும்? சேதமே இல்லாத என் முகம் அவருக்கு மறந்தே போயிருக்கும். உங்கள் தங்கை வேறு, “அடைக்கலத்தண்ணன் வீட்டு வாசல்ல ஜீப்பு நிக்கிது. நம்ம வாசலுக்கு வாரது கழுதை ஒண்ணுதான்” என்கிறாள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

பொறுக்க முடியாமல், மொட்டையாக நின்ற ஒரு வெப்பாலைக் கிளையை ஒடித்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், நோய் என்று ரேஞ்சரிடம் காட்டினேன். அவர் நகத்தால் பட்டையைக் கீறினார். உள்ளே பச்சைப் பசேல் என்று இருந்தது. “எலை உதிர்ற காலம்யா இது. கார்டு வேலை பாக்குற ஒனக்கு இதுகூடவா தெரியாது” என்றார். எனக்குத் தெரியும் மச்சான். அவருக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டேன்.

எல்லாம் காட்டோரத்து அய்யனார் செய்கிற வேலை. காட்டைக் காக்கச் சொல்லி வருஷா வருஷம் புரவி எடுப்புத் திருவிழாவில் நான் ஒரு மண்குதிரை வைக்கிறேன். அவரும் விடாமல் காக்கிறார். அடைக்கலமும் வைக்கிறான், என் குதிரையைவிட ஒரு சாண் உயரமாக. என்ன வேண்டிக்கொண்டானோ, சேதமெல்லாம் அவனுக்கே கிடைக்கிறது. அதனால் இந்த வைகாசிக்கு எனக்குக் குதிரை கிடையாது என்று, அதைச் செய்து தரும் வேளாரிடம் சொல்லிவிட்டேன். செவந்தி, “சாமிகிட்ட வெளையாடாதீங்க” என்றாள். “பெருசா ஒண்ணும் வேணாம்டி, ஜீப்பு வார அளவுக்குச் சின்னதா ஏதாச்சும் வந்தாப் போதும்” என்றேன்.

தாங்கள் வன ஆபீசில் இருப்பவர். என்னை அடைக்கலத்தின் காட்டுக்கு மாற்றக் கேட்டு, இதோடு ஒரு மனு வைத்திருக்கிறேன். நேரம் பார்த்து அதிகாரி மேசையில் வையுங்கள். அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும், அந்த நோய்நொடி என் காட்டுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
கண்ணுசாமி

பி.கு.: மனுவைத் தேட வேண்டாம், எடுத்துவிட்டேன். உறையை ஒட்டுவதற்குள் என் காட்டில் புகை. நான் தினம் பார்த்த உசிலையும் வெப்பாலையும் கண்ணெதிரே எரிந்தன. பச்சைக் கொப்பை ஒடித்துத் தீயை அடித்துக்கொண்டே அழுதேன், யாரிடமும் சொல்லாதீங்க. ஓடை தாண்டி முதலில் ஓடிவந்தவன் அடைக்கலம். “காத்துக்கு எதுக்க நிக்காதீங்கண்ணே, இங்கிட்டு வாங்க” என்று என்னை இழுத்துப் போட்டுவிட்டு அவனே முன்னால் நின்று அணைத்தான். ஜீப் வந்தது. ரேஞ்சர் அவன் தோளில் கைபோட்டு, “அடுத்தவன் காட்டையும் காக்குறான்யா” என்றார். சாப்பாடும் அவன் வீட்டில்தான். எனக்கும் இலை போட்டார்கள். குழம்பு நன்றாகவே இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

எனக்கு மாற்றல் வேண்டாம். கருகிய அடிமரம் துளிர்க்கிறதா என்று நான்தான் பார்க்க வேண்டும். வேளாரிடம் ஓடிப்போய்க் குதிரைக்குச் சொல்லிவிட்டேன். புரவி எடுப்புக்கு வரும்போது டவுனிலிருந்து சிவப்பு வர்ணம் கொஞ்சம் தாராளமாக வாங்கி வாங்க. அடைக்கலத்தின் குதிரையைவிட இரண்டு சாண் உயரம்.