மஞ்சக்கரு சித்தர்

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள ஏரியில் தண்ணீர் நின்றால் மீன் பிடிப்பார்கள். வற்றினால் கார் ஓட்டுவார்கள். சில வருடங்களாகக் கார் ஓடிய அளவுக்கு மீன் பிடிபடவில்லை.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே பந்தயம் நடக்கும். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்துவது. பெரிய கார்கள் கிடையாது. அப்பாவுடையது, மாமாவுடையது, மூன்றாம் கைக்கு மாறியது என்று வீட்டுக் கார்கள்தான் வரும். அடுக்கி வைத்த பழைய டயர்களுக்கு இடையில் வளைந்து வளைந்து மூன்று சுற்று. ஒரு நேரத்தில் ஒரு கார். குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கு முதலிடம். டயரைத் தட்டினால் ஐந்து வினாடி தண்டனை. ஜெயித்தவருக்குக் கோயம்புத்தூரில் உள்ள உண்மையான பந்தயப் பாதையில் ஒரு நாள் முழுக்க ஓட்டும் வாய்ப்பு.

பந்தயத்தைப் பார்க்க இருநூறு பேர் வந்தார்கள். முட்டையைப் பார்க்க இரண்டாயிரம் பேர் வந்தார்கள்.

முட்டைக்குச் சொந்தக்காரர் மஞ்சக்கரு சித்தர். பெற்றோர் வைத்த பெயர் அப்புசாமி. முன்பு விபத்தில் சிக்கிய லாரிகளுக்குக் காப்பீட்டுப் பணம் வாங்கித் தரும் வேலையில் இருந்தார். வண்டி மோதிய பிறகு கவலைப்படுவதைவிட, மோதுவதற்கு முன்பே பயமுறுத்துவதில் வரும்படி அதிகம் என்று ஒருநாள் ஞானம் பிறந்தது. அன்றே மஞ்சள் வேட்டிக்கு மாறினார். வேட்டியின் நிறத்தைப் பார்த்து ஊர் அந்தப் பெயரை வைத்தது. தெரியாமல் வைத்த பெயர்தான். ஆனால் அந்த ஆளைப் பற்றிய முழு உண்மையும் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது.

சித்தர் காசு கேட்க மாட்டார். அதுவே அவருடைய பெருமை. காணிக்கை நூற்றெட்டு முட்டை. அதாவது முப்பது முட்டை கொள்ளும் அட்டையில் மூன்றரையும், மேலே மூன்றும். அதிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் வைத்துக் கடகடவென்று குலுக்குவார். முட்டையோடு பேசுகிறாராம். பிறகு உள்ளங்கையில் செங்குத்தாகப் பிடித்தபடி கண்ணை மூடி மௌனம். காரின் முன்மூடியில் திருநீறு தூவி, முட்டையை நட்டக்குத்தலாக வைத்துக் கையை எடுப்பார். முட்டை நிற்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். "வண்டி மொத எடம்," என்பார் சித்தர்.

போன வருடம் எட்டுக் கார்களில் ஏழின் மேல் முட்டை நின்றது. ஏழு பேருக்கும் முதலிடம் என்று தனித்தனியே சொல்லப்பட்டது. ஏழில் ஒருவர் ஜெயித்தார். சித்தர் சொன்னது அப்படியே பலித்துவிட்டது என்று மாவட்டமே பேசியது. மீதி ஆறு பேரைப் பற்றிப் பேச நேரமில்லை. ஒருவர் சனிக்கிழமை கறி தின்றிருந்தார். ஒருவர் கிளம்பும்போது எதிரே காலிக் குடம் வந்தது. காரணத்துக்கா பஞ்சம்?

சனிக்கிழமை கறி தின்றவன் சபரிநாதன்.

இருபத்து நான்கு வயது. நாமக்கல்லுக்கு வெளியே அவனுடைய அப்பா சென்னியப்பனுக்குக் கோழிப்பண்ணை. அக்கா மதுமதிதான் பண்ணையை நிர்வகிக்கிறாள். சபரியிடம் ஒரு பழைய சிவப்புக் கார் இருந்தது. படுத்தால் கனவில் அதை ஓட்டினான். எழுந்தால் நினைவில் ஓட்டினான். ஏரியில் ஓட்டும்போது மட்டும் ஏழாவதாக வந்தான். கறிக் குற்றத்துக்குப் பரிகாரமாக, பதினைந்து கிலோ இரும்புச் சூலம் ஒன்றைக் காரின் கூரையில் பொருத்தச் சொன்னார் சித்தர். பொருத்தினான். அதன் பிறகு வளைவுகளில் கார் ஒருபக்கமாகச் சாய்ந்தது. சூலத்தின் அருள் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சாய்வதாக நினைத்துக்கொண்டான்.

இந்த வருடம் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு, பயிற்சி நாளன்று, முட்டை பார்க்க அப்பாவும் பிள்ளைகளும் போனார்கள். போன வருடத்தைவிட நான்கு வினாடி அதிகமாக எடுத்து ஓட்டி முடித்துவிட்டுத்தான் சபரி வரிசையில் நின்றான். சென்னியப்பன் நூற்றெட்டு முட்டையை ஒப்படைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் இரண்டு முட்டை ஆம்லெட் வாங்கித் தின்றார். நம்ம பண்ணை முட்டை மாதிரியே ருசி என்று கடைக்காரனைப் பாராட்டவும் செய்தார். கடைக்காரன் ஏனோ தலையைக் குனிந்துகொண்டான்.

சபரியின் முறை வந்தது. சித்தர் ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தார். குலுக்கவில்லை. முட்டை பேச மாட்டேன் என்கிறது என்று முகம் சுளித்தார். திருநீற்றின் மேல் வைத்துக் கையை எடுத்தார். முட்டை சாய்ந்து, உருண்டு, விளிம்பிலிருந்து கீழே விழப்போனது. மதுமதி கையை நீட்டிப் பிடித்தாள். பண்ணைக்காரியின் கை; அது யோசித்துப் பிடிப்பதில்லை.

கூட்டம் உச்சுக்கொட்டியது. சித்தர் சென்னியப்பனைத் தனியே அழைத்தார். வண்டி மேல் பெரிய கண் பட்டிருக்கிறதாம். பந்தயத்தன்று காலையில், எல்லோர் முன்னிலையிலும் ஒரு கழிப்பு கழிக்க வேண்டுமாம். அதற்கு ஆயிரத்தெட்டு முட்டை. மற்றவர்களுக்கு நூற்றெட்டோடு நிற்கும் முட்டை, நாற்பதாயிரம் கோழி வைத்திருப்பவருக்கு மட்டும் ஆயிரத்தெட்டு கேட்டது. கண்ணுக்குக்கூடக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

காரில் ஏறியதும் சென்னியப்பன் மகனுக்குத் தீர்ப்புச் சொன்னார்.

"முட்டை நிக்காத வண்டியில நீ ஏறப்படாது சாமி. கழிப்பு நடக்கோணும். அப்பறமும் மொத எடம் வல்லீன்னா, திங்கக்கெழம பின்சீட்டக் கழட்டிப்போட்டு இதுல முட்டை ஏத்தறோம்."

சபரி அந்தச் சிவப்புக் காரில் முட்டை அட்டைகள் அடுக்கியிருப்பதைக் கற்பனை செய்து பார்த்தான். மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம், ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்று, ஊர்ந்து, வாழ்நாள் முழுக்க.  பிடித்த முட்டை இன்னும் மதுமதியின் கையில் இருந்தது.

மறுநாள் மதியம் முட்டை அறைக்குத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"மத்த வண்டிக்கெல்லாம் குலுக்குனாரு. உனக்கு மட்டும் ஏன்டா குலுக்கல?"

"முட்டை பேச மாட்டேங்குதுன்னு சொன்னாருல்லக்கா."

"முட்டை எப்படா பேசுச்சு?"

கதவைச் சாத்தினாள். சித்தர் வைத்து உருண்டு விழுந்த முட்டையின் அடியில் செல்பேசி விளக்கை வைத்தாள். ஓட்டுக்குள்ளே மஞ்சள் கரு முழுசாக, நடுவில், நிழல்போலத் தெரிந்தது. பிறகு வேறொரு முட்டையை எடுத்து, சித்தரைப் போலவே காதோரம் வைத்துக் கடகடவென்று குலுக்கினாள். சபரிக்கு உடம்பு கூசியது. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் முட்டையைக் குலுக்கி அவன் பார்த்ததில்லை. அட்டையை வேகமாக வைத்தாலே அப்பா திட்டுவார். கரு கலங்கிவிடும், கடைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான்.

விளக்கில் வைத்தாள். உள்ளே உருண்டை இல்லை. கரு உடைந்து கலங்கலாக இருந்தது. அகன்ற பக்கம் கீழே இருக்கும்படி உள்ளங்கையில் கொஞ்ச நேரம் நிமிர்த்திப் பிடித்தாள். கலங்கிய கரு மெல்ல அடியில் இறங்கியது. வெளியே வந்து சிவப்புக் காரின் முன்மூடியில் வைத்தாள். இரண்டு முறை சாய்ந்தது. மூன்றாவது முறை நின்றது. மந்திரம் இல்லை, மௌனம் இல்லை, மஞ்சள் வேட்டியும் இல்லை.

"கனம் அடியில எறங்கிருச்சு. அவ்வளவுதான்," என்றாள் மதுமதி.

தினமும் லட்சக்கணக்கில் முட்டை புரளும் மாவட்டம். கோழி இருமினால் காரணம் சொல்லும் ஆட்கள். ஆனாலும் ஒருவருக்கும் இது தெரியவில்லை. ஏனென்றால் முட்டையைக் குலுக்கக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் ஒருமுறைகூடக் குலுக்கிப் பார்க்கவில்லை. சித்தர் பிழைத்தது அந்த இடைவெளியில்தான்.

சபரி முட்டையையே வெகுநேரம் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையை உயர்த்திக் காரின் கூரையைப் பார்த்தான். பதினைந்து கிலோ இரும்பு. உச்சியில்.

கனம் கீழே இருந்தால் நிற்கும். மேலே இருந்தால் சாயும்.

அன்று சாயங்காலமே சூலம் இறங்கியது. கூரைக் கம்பிகள் இறங்கின. அந்த வாரம் முழுக்க, டயரில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்த அளவில் மண்ணில் பிடிப்பு கிடைக்கிறது என்று ஓட்டிப் பார்த்தான். ஒவ்வொரு சுற்றையும் ஒரு நோட்டில் எழுதினான். காலையில் ஏரிக்குப் போய்ப் பாதையை நடந்தே பார்த்தான். அங்கே அவனுக்கு முன்பே ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள். மேச்சேரியைச் சேர்ந்த பிரீத்தி, முதல் தடவை கலந்துகொள்கிறாள். எந்த வளைவில் எங்கே பிரேக்கை மிதிப்பது என்று மண்ணில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். முட்டை பார்த்தாயா என்று சபரி கேட்டான். நடக்கவே நேரம் போதவில்லை என்றாள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

பந்தய நாள். ஆயிரத்தெட்டு முட்டைகள் மினி வண்டியில் வந்து இறங்கின. சித்தர் முகத்தில் முட்டையிட்ட கோழியின் திருப்தி. கழிப்பைத் தொடங்கி, ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் கொண்டுபோனார்.

"சாமி, ஒரு நிமிசம். குலுக்காம நிக்க வைக்கோணுமுங்க," என்றாள் மதுமதி.

சித்தர் சிரித்தார். "முட்டையோட பேசாம எப்படியம்மிணி வாக்கு வாங்கறது?"

"பேசுங்க, சாமி. யாரு வேண்டாமுன்னது? வாயில பேசுங்க. கையை ஆட்டாம."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிலர் அவளை அதட்டினார்கள். சென்னியப்பன் முகம் கறுத்தது. மகளை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தார். ஆனால் அவர் கண்களும் சித்தரின் கையையே பார்த்தன. சித்தர் குலுக்காமல் வைத்தார். விழுந்தது. மதுமதி பிடித்தாள். இன்னொன்று, விழுந்தது, பிடித்தாள். சந்தேகக்காரி நிழல் பட்டால் முட்டை நிற்காது என்றார் சித்தர்.

"செரிங்க," என்ற மதுமதி ஒரு முட்டையைக் குலுக்கினாள். உள்ளங்கையில் சற்று நேரம் பிடித்தாள். பக்கத்தில் நின்ற சித்தருடைய காரின் முன்மூடியிலேயே வைத்தாள். நின்றது. சந்தேகக்காரியின் நிழல் முழுதாக அதன் மேல் விழுந்திருந்தது.

கூட்டம் நெருங்கி வந்து பார்த்தது. பிறகு ஒருவர் முட்டையை எடுத்துக் குலுக்கினார். இன்னொருவர். அப்புறம் பத்துப் பேர். கைதவறி உடைந்தவை போக, கால் மணி நேரத்தில் எட்டுக் கார்களின் மேலும் முட்டை நின்றது. தண்ணீர்க் குடத்தின் மூடியில் நின்றது. ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் நின்றது.

"அப்ப ஒலிபெருக்கிக்குத்தான் மொத எடமுங்களா சாமி?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

மதுமதி நின்ற முட்டை ஒன்றையும் விழுந்த முட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஆம்லெட் கடைக்குப் போனாள். அப்பாவும் கூட்டமும் பின்னால் போனார்கள். இரண்டு தட்டுகளில் உடைத்து ஊற்றினாள். விழுந்ததில் கரு முழு நிலா. நின்றதில் மஞ்சள் கூழ்.

சென்னியப்பன் தட்டைப் பார்க்கவில்லை. கடைக்குப் பின்னால் அடுக்கியிருந்த முட்டை அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் விளிம்பிலும் நீல மையில் அவருடைய பண்ணை முத்திரை இருந்தது.

"ஏப்பா, இது நான் சாமிக்குக் குடுத்த அட்டையாச்சே?"

கடைக்காரன் திருதிருவென்று விழித்தான். அவன் சித்தரின் மச்சான் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. ஒரு வருடமாக மக்கள் முட்டையைக் கொடுத்து வாக்கு வாங்கினார்கள். வாக்கு வாங்கிய கையோடு அதே முட்டையைக் காசு கொடுத்து வாங்கித் தின்றார்கள். கூட்டம் திரும்பிப் பார்த்தபோது மஞ்சள் வேட்டி ஏரிக்கரை மேல் ஏறிக்கொண்டிருந்தது. அன்று ஏரியில் பதிவான மிகக் குறைந்த நேரம் அதுதான் என்று பட்டறைக்காரர்கள் பிற்பாடு ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு பந்தயம். சபரியின் கார் ஒரு வளைவிலும் சாயவில்லை. ஒரு டயரையும் தட்டவில்லை. போன வருடத்தைவிடப் பதினோரு வினாடி குறைவு. பலகையில் அவன் பெயர் முதலாவதாக ஏறியது. கடைசியாகப் பிரீத்தி வந்தாள். குச்சியால் கோடு போட்ட இடங்களில் எல்லாம் சரியாக பிரேக் விளக்கு எரிந்தது. அவனைவிட முக்கால் வினாடி குறைவான நேரத்தில் முடித்தாள். அவள் கார்மேல் நின்ற முட்டை யாரோ வேடிக்கைக்கு வைத்தது. புறப்படும்போதே அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டாள்.

இரண்டாமிடம். சபரி வண்டியை விட்டு இறங்கவில்லை. அப்பா வந்து பின்கதவைத் திறந்தபோது, திங்கட்கிழமை இப்போதே வந்துவிட்டது என்று நினைத்தான். சென்னியப்பன் பின்சீட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு அதில் உட்கார்ந்து, சபரியின் நோட்டை எடுத்துப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமாக, வெகுநேரம்.

"அந்தப் புள்ள உனக்கு முந்தி வந்து நடந்துச்சா?"

"ஆமாங்கப்பா."

"அடுத்த வருசம் அதுக்கு முந்தி நீ போயி நட. முட்டை ஏத்த வேற வண்டி பாத்துக்கறேன்."

சித்தர் இப்போது வேறு ஊரில் இருப்பதாகக் கேள்வி. வெள்ளை வேட்டியாம், தேங்காயாம். சொல்வதற்கெல்லாம் தலையாட்ட அங்கேயும் நல்ல கூட்டமாம். முட்டையை ஆட்டினால் உள்ளே இருப்பது கலங்கிப்போகும் என்பதை நாமக்கல்காரர்கள் இப்போது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். தலையை ஆட்டினாலும் அதேதான்.